பட்டை டயர்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் பஞ்சு நேராக டயர் கடைக்குப் போனாள். அவளுக்கு ஒன்றும் அங்கே போகவேண்டும் என்ற ஆசையில்லை. காலையிலேயே கொழுந்தன் வந்து காரை ஓட்டிக்கொண்டு போய்க் கடையில் விட்டுவிட்டு, போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தான்.

"அண்ணி, டயர் நாலும் வெடிப்பு விட்டுப் போச்சு. மாத்தச் சொல்லியிருக்கேன். எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு, ஷிப்ட் முடிஞ்சதும் நீங்க ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க. கடைக்காரர் ஏதாச்சும் கேட்டா அண்ணன் போட்டிருந்த அதே சைஸையே போடச் சொல்லிடுங்க. வண்டிய அவரே வீட்ல கொண்டாந்து விட்டுடுவாரு, நாளைக்குக் காலையில வந்து எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

"சரி" என்றாள் பஞ்சு.

இந்த நாலு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை எண்ணிப் பார்த்தால் பாதி 'சரி'யாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் போன பிறகு யார் எது கேட்டாலும் சரி. அவர் சட்டைகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள், சரி. அவர் போன் எண்ணை நிறுத்திவிடலாமா, சரி. அலுவலகப் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று போனில் சொன்னபோதுகூட அவள் "சரி, வர்றேன்" என்றுதான் சொன்னாளாம். அதை ஒரு பெரிய குற்றமாகப் பேசிக்கொண்டவர்கள் உண்டு. 'கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு' என்று அவள் காதுபடவே சொன்னவர்களும் உண்டு. பல் பிடுங்கும்போது ஊசி போட்டால் உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியாதே, அப்படி இருந்தது அவளுக்கு, உடம்பு முழுக்க. அதை எப்படி ஊருக்கு விளக்குவது? அவள் விளக்கவில்லை.

கார் போவதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. அது போனால் கூடவே வேலையும் போகும், வேலை போனால் வீடும் போகும். பஞ்சுவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. நோயாளிகளின் படுக்கை விரிப்புகளையும் போர்வைகளையும் பெரிய மெஷினில் போட்டு எடுக்கிற வேலை, பதினாலு வருஷமாக. இத்தனை நாள் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த சலவைப் பிரிவை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து அங்கே காலை ஆறு மணிக்குக் கார்டு அடிக்க வேண்டும். அந்தப் பக்கம் போகிற முதல் பஸ்ஸே ஆறே முக்காலுக்குத்தான். "வண்டி இருக்கிறவங்க வரலாம். இல்லாதவங்க இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள் பாக்கணும்" என்று மேற்பார்வையாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டில் கார் இருக்கிறது. ஆனால் பஞ்சுவுக்கு அதை ஓட்ட முடியாது. அதனால் கொழுந்தன் தன் வீட்டுப் பின்னறையைக் காலி பண்ணிச் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தான். "தனியா ஏன் அண்ணி கஷ்டப்படணும், எங்களோட வந்து இருங்க" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அதற்கும் சரி சொல்லியாயிற்று.

பஞ்சு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. வீட்டுக்காரர் வைத்தது. அவள் கை பஞ்சு மாதிரியாம், வலுவே கிடையாதாம். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தெரியாத கை. முதலில் அவர் மட்டும் கூப்பிட்டார், அப்புறம் கொழுந்தன் 'பஞ்சு அண்ணி' என்றான், அப்புறம் குடும்பமே பிடித்துக்கொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பஞ்சுக் கைதான் தினமும் மெஷின் தொட்டிக்குள் குனிந்து, தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடக்கிற விரிப்புகளை மூட்டை மூட்டையாக இழுத்துத் தள்ளுவண்டியில் போடுகிறது. ஒரு மூட்டை இருபது கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்குகிற கை, ஒரு சின்னக் காரைத் திருப்ப மாட்டேன் என்கிறதே, அது எப்படி என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா? ஒருத்தரும் கேட்கவில்லை. அவளே கேட்கவில்லை, பிறகு மற்றவர்களைச் சொல்லி என்ன.

டயர் கடை ஒரு நீளமான கொட்டகை. சுவரெல்லாம் ரப்பர் கறுப்பு. ஆள் உயரத்துக்கு அடுக்கிய டயர்கள், மூலையில் திடீர் திடீரென்று உறுமி நிற்கிற காற்று மெஷின், சோப்புத் தண்ணீர் ஒரு வாளியில். நடுவில் அவர்களுடைய சின்னச் சிவப்புக் கார் ஜாக்கியில் ஏறாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. காலையில் விட்ட வண்டி, இன்னும் ஒரு நட்டுகூடக் கழற்றப்படவில்லை.

டயர்க்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளம். கையில் ஏறிய கறுப்பு இனிமேல் எந்த சோப்புக்கும் மசியாது. அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. விஷயம் கேள்விப்பட்டேன். நல்ல மனுஷன். எனக்கு மனசே ஆறல."

"சரிண்ணே" என்றாள் பஞ்சு. அப்புறம் அந்த இடத்தில் சரி என்பது சரியில்லை என்று தோன்றி, "டயர் இன்னும் மாத்தலையா?" என்று கேட்டாள்.

"எப்படி மாத்துறது? தம்பி சாவியக் கொடுத்துட்டு ஓட்டமா ஓடிட்டாரு. நான் கேக்க வேண்டியதக் கேக்கவே இல்ல. கேக்காம நான் டயர் போடறதில்ல, அது என் வழக்கம்."

"என்ன கேக்கணும்?"

"வண்டிய யாரு ஓட்டப் போறது?"

பஞ்சு காரைப் பார்த்தாள். கேள்வி சாதாரணமானதுதான். ஆனாலும் அதற்கு 'சரி' என்று சொல்ல முடியாது.

"கொழுந்தன் கொண்டு போயிடுவாரு" என்றாள். "அதே சைஸ் போடச் சொன்னாரு."

"அப்படியா. அப்ப நூத்தி எழுபத்தஞ்சு. பட்டை டயர். சரி, ஆம்பள ஓட்டுற வண்டி, போட்டுடலாம்." எழுந்தவர், ஏனோ மறுபடியும் உட்கார்ந்தார். "நீங்க ஓட்ட மாட்டீங்களா?"

"எனக்கு முடியாதுண்ணே. கையில வலு இல்ல. லைசென்ஸ் இருக்கு. கல்யாணமான புதுசுல ஓட்டிட்டும் இருந்தேன், ஒரு அஞ்சு மாசம். அப்புறம் முடியாமப் போச்சு."

"அதென்ன, அஞ்சு மாசம் இருந்த வலு ஆறாவது மாசம் எங்க போச்சு?"

டயர்க்காரர் கிண்டலாகத்தான் கேட்டார். வாடிக்கையாளரைச் சீண்டாமல் அவருக்கு வேலை ஓடாது. ஆனால் பஞ்சு சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, எழுந்து காரின் முன்சக்கரத்துப் பக்கம் போய்க் குந்தினார்.

"இங்க வாங்கம்மா. இத பாருங்க." டயரின் பக்கவாட்டில் எழும்பியிருந்த எண்ணை விரலால் தடவிக் காட்டினார். "நூத்தி எழுபத்தஞ்சு. இதுதான் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. இப்ப அந்தக் கதவத் திறங்க. தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனிக்காரன் ஒட்டினது. என்ன எழுதியிருக்கு?"

பஞ்சு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பார்த்தாள். வெளுத்துப்போன ஸ்டிக்கர். "நூத்தி நாப்பத்தஞ்சு" என்று படித்தாள்.

"அவ்வளவுதான் இந்த வண்டிக்கு. சின்ன இன்ஜின், எடை கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. கையாலதான் திருப்பணும். ஒல்லி டயர் போட்டா சின்னப் புள்ள கூடத் திருப்பும். பட்டை டயர் போட்டா தரையில அப்பிக்கும், அசையாது. நின்ன இடத்துல திருப்பணும்னா தோள்பட்டை கழண்டுரும். எடுப்பா இருக்கும், அதுக்குத்தான் எல்லாரும் போடுறாங்க. மழைத் தண்ணியில வேற கொஞ்சம் வழுக்கும். சின்னப் பையன் அப்பாவோட ஷூவ மாட்டிக்கிட்டு நடந்தா எப்படி இருக்கும், அப்படித்தான்."

"அப்ப கை வலு?"

"கை வலுவுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம். டயர்தான்."

பஞ்சு ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக அந்தக் கதவைத் திறந்து பக்கத்து சீட்டுக்கு அவர் பையைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். ஸ்டிக்கர் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"அவருக்கு இது தெரியாதாண்ணே? டயர் மாத்தும்போது நீங்க சொல்லலையா?"

இதில் டயர்க்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தொழிலில் அவர் மேல் யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. "சொல்லாம இருப்பேனா? யாருக்கு டயர் போட்டாலும் எல்லாத்தையும் சொல்லித்தான் போடுவேன். சொன்னதையும் எழுதி வைப்பேன், அவங்க சொன்ன பதிலையும் எழுதி வைப்பேன். ஏன்னா ஆறு மாசம் கழிச்சு வந்து 'நீதானே இதப் போட்டே'ம்பாங்க. எத்தன பேரு என் தலையில பழியப் போட்டிருக்காங்க தெரியுமா? அதனால வண்டிக்கு ஒரு அட்டை. இருங்க, காட்டுறேன்."

மேசைக்கு அடியில் பழைய பாட்டரிப் பெட்டி. அதற்குள் நூற்றுக்கணக்கில் அட்டைகள், கார் எண் வாரியாக. ஒவ்வொரு அட்டையிலும் தேதி, டயர் சைஸ், காற்று எவ்வளவு, யார் ஓட்டுவது, கடைசியில் 'சொன்னது' என்று ஒரு வரி. அந்த வரியில் வாடிக்கையாளர் என்ன சொன்னாரோ அதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுவார். நாளைக்கு அவர் அப்படிச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தால், அட்டையை எடுத்து நீட்டுவதற்கு.

எண்ணைத் தேடி அட்டையை உருவினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணக்கு வாத்தியார் மாதிரி சத்தமாகப் படித்தார்.

"இந்தா. முதல் தடவை. ஒன்பது வருஷம் ஆச்சு. 'பழைய ரிம் நாலையும் கழற்றி அலாய் சக்கரம், நூற்று எழுபத்தைந்து. முன்சக்கரத்தில் காற்று குறைத்து வைக்கச் சொன்னார்.' ஆமா, ஞாபகம் இருக்கு, குறைச்சு வைக்காதீங்க, இன்னும் கனக்கும்னு சொன்னேன், கேக்கல. 'யார் ஓட்டுவது: அவர். வீட்டில் லேடீஸ் ஓட்டினால் ஸ்டீயரிங் திருப்ப முடியாது, ரொம்பக் கனக்கும் என்று சொன்னேன்.' பாத்தீங்களா, சொல்லியிருக்கேன். அதுக்கு அவர் சொன்னது..."

அங்கே நின்றுவிட்டார்.

"என்ன சொன்னார்?"

"அது... விளையாட்டா ஏதோ சொல்லியிருக்காரும்மா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. நானும் சிரிச்சேன். விடுங்க."

பஞ்சு கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. கடைசியில் அவர் அட்டையைக் கொடுத்துவிட்டு, தேவையே இல்லாமல் காற்று மெஷின் பக்கம் போய் எதையோ திருகினார்.

சொன்னது என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. 'அதுக்குத்தான்.'

பஞ்சு அதைப் படித்தாள். பிறகு மேலே இருந்த தேதியைப் படித்தாள். தேதியைப் பார்த்ததும் கணக்குப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு பேருக்கும் ஏதோ வாய்த்தகராறு. அவள் யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தனியாக, இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு. மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது பயந்துகொண்டேதான் வந்தாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று அவள் அன்றைக்கு நினைத்தாள். அடுத்த வாரமே புது டயர். "உன் பாதுகாப்புக்குத்தான், நல்லாப் பிடிச்சு நிக்கும்" என்றார். சலவைப் பிரிவில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அப்புறம் ஸ்டீயரிங் திரும்பவில்லை. "புது டயர், பழகிடும்" என்றார். பழகவில்லை. ஒருநாள் கேட்டுத் தூணில் இடித்தாள். அவர் வந்து உட்கார்ந்து ஒரே கையால் திருப்பிக் காட்டி, "எனக்கு ஒண்ணும் தெரியலையே. உனக்குக் கைதான் பஞ்சு" என்று சிரித்தார். ஒரு மாதம் விடாமல் முயற்சி பண்ணினாள். தோள் வீங்கிப்போனது. அவர் தைலம் தேய்த்துவிட்டார். நிதானமாக, எலும்பு எலும்பாகத் தடவி, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்டார். "உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், நான் இருக்கேன்ல" என்றார். அதிலிருந்து ஒன்பது வருஷம் அவரே கொண்டு போய் விட்டார், அவரே வந்து கூட்டிப் போனார். ஷிப்ட் முடிந்து பத்து நிமிஷம் தாமதமானாலும் கேட்டருகில் கார் நிற்கும். கூட வேலை செய்கிறவர்கள் "நீ கொடுத்து வச்சவ" என்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அக்கா வீட்டுக்கு அதற்கப்புறம் அவள் தனியாகப் போனதே இல்லை.

தைலம் தேய்த்த கை நிஜம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடித்திருந்தாலோ வைதிருந்தாலோ இன்றைக்கு அட்டையைப் பார்த்து 'ஆமா, அப்படிப்பட்டவர்தான்' என்று போயிருக்கலாம்.

கோபம் வந்தது. நாலு மாதமாக எதுவுமே வராத இடத்தில் அதுதான் முதலில் வந்தது. அதுவும் கொதித்துக்கொண்டு வரவில்லை. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படி வந்தது. செத்துப்போனவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சண்டை போடுவதற்குக்கூட எதிரில் ஆள் வேண்டும்.

"அண்ணே" என்றாள்.

டயர்க்காரர் திரும்பினார்.

"நூத்தி நாப்பத்தஞ்சு போடுங்க."

"தம்பி அதே சைஸ்னு..."

"யாரு ஓட்டப் போறதுன்னு கேட்டீங்கல்ல. நான்தான்."

டயர்க்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்லவேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. நல்லவேளை, சொல்லவில்லை. மேசையிலிருந்த பேனாவை எடுத்து அட்டையில் புது வரியாக இன்றைய தேதியைப் போட்டு, யார் ஓட்டுவது என்ற இடத்தில் 'அம்மா' என்று எழுதினார். பிறகு ஜாக்கியை எடுத்தார்.

ஒல்லி டயருக்குப் பழைய இரும்பு ரிம் வேண்டும். அவர்களுடைய பழைய ரிம்கள் எப்போதோ கைமாறிப் போய்விட்டன. பின்பக்கக் குவியலில் தேடி அதே அளவில் நாலு எடுத்து வந்து, துருவைச் சுரண்டினார். அதற்குப் பதிலாக அந்தப் பளபளக்கும் அலாய் சக்கரங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் பஞ்சு. ரிம்மின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, நெம்புகோலால் டயரை உள்ளே தள்ளி, காற்று அடிக்கும்போது 'டப்' என்று அது தன் இடத்தில் போய் உட்கார்கிற சத்தம் நாலு தடவை கேட்டது. இதெல்லாம் ஆகிற வரைக்கும் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. கழற்றிப் போட்ட பட்டை டயர் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பார்ப்பவர்கள் புருஷன் ஞாபகத்தில் நிற்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு வகையில் அதுவும் உண்மைதான்.

"உக்காந்து திருப்பிப் பாருங்கம்மா" என்றார் டயர்க்காரர். "மெதுவா. நின்ன இடத்துலயே."

பஞ்சு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டு அவர் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. முன்னால் இழுத்துக்கொண்டாள். இன்ஜினைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தொட்டியிலிருந்து மூட்டையை இழுப்பதுபோல முழு பலத்தோடு ஸ்டீயரிங்கை வளைத்தாள். அது ஒரே சுற்றில் கடைசி வரை ஓடிப்போய் முட்டி நின்றது. அவள் முழங்கை கதவில் இடித்துக்கொண்டது.

"அய்யய்ய, எதுக்கும்மா அவ்வளவு வேகம். ரெண்டு விரல் போதும்."

ரெண்டு விரலால் திருப்பினாள். வந்தது. மறுபக்கம் திருப்பினாள். அதுவும் வந்தது. இப்படியும் அப்படியுமாகப் பத்துத் தடவையாவது திருப்பியிருப்பாள். டயர்க்காரர் போதும் என்று சொல்லவில்லை.

கடையிலிருந்து வீட்டுக்கு நாலு தெரு. அவள் ஓட்டிக்கொண்டு போக அரை மணி நேரம் ஆனது. இரண்டு தடவை இன்ஜின் நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தார்கள். ஒரு ஸ்கூட்டர்க்காரர் பக்கத்தில் வந்து ஏதோ வாழ்த்திவிட்டுப் போனார். அது நல்ல வாழ்த்து இல்லை. அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் சட்டைக் கையெல்லாம் வியர்வை, ஆனால் தோள் வலிக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொழுந்தன் வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று காரையே பார்த்தான்.

"என்ன அண்ணி, டயரு நோஞ்சான் மாதிரி ஆயிடுச்சு? அதே சைஸ்னு சொல்லலையா நீங்க? அந்த அலாய் எங்க?"

"கடையில கொடுத்துட்டேன். வண்டிய நானே வச்சுக்கறேன் தம்பி."

"வச்சுக்கிட்டு?"

"வேலைக்குப் போகணும். நாளையிலேருந்து ஆறு மணிக்கு ஷிப்ட்."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. பழக்கமான சிரிப்பு. "உங்க கைய வச்சுக்கிட்டா? அண்ணி, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த ரூம் வேற ரெடியா..."

"ஏறிக்கோ. வீட்ல விட்டுட்டு வர்றேன்."

கொழுந்தனுக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறினான். முதல் திருப்பத்தில் ஜன்னலுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தவன், மூன்றாவது திருப்பத்தில் விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை, தெருவெல்லாம் காலி. பெரிய ரோட்டுக்கு வந்ததும் பஞ்சு கியரை மாற்றினாள். அது முனகாமல் விழுந்தது.

"பரவாயில்லையே" என்றான். நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். கொஞ்ச தூரம் போனதும் டாஷ்போர்டைத் தடவிக்கொடுத்தான். "அண்ணன் இருந்து பாத்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு அண்ணி."

"மாட்டார்" என்றாள் பஞ்சு.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். நான் ஓட்டக் கூடாதுன்னுதான் அந்த டயரப் போட்டாரு."

ஏன் அப்படிச் சொல்றீங்க, யார் சொன்னது, அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை என்றெல்லாம் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் அட்டையைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கும். அவனுக்கு இருந்தது ஒரே அண்ணன். அதை எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு சிக்னல் வந்து போனது. கொழுந்தன் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அதெல்லாம் பழைய கதை அண்ணி" என்றான் மெதுவாக. "இப்ப எதுக்கு அதையெல்லாம் கிளறிக்கிட்டு."

ஆக, இவனுக்கும் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும். தெரிந்தேதான் அத்தனை விசேஷத்திலும் அத்தனை பேருக்கு முன்னாலும் பஞ்சு அண்ணி, பஞ்சு அண்ணி என்று கூப்பிட்டிருக்கிறான். தெரிந்தேதான் அதே சைஸ் போடச் சொன்னான். வீட்டில் யாருக்குத்தான் தெரியாது என்று யோசித்துப் பார்த்தாள். அவளைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

பஞ்சு காரை ரோட்டோரமாக ஒதுக்கி நிறுத்தினாள்.

"இறங்கிக்கோ தம்பி."

"இங்கயா? வீட்டுக்கு இன்னும் பாதி தூரம் இருக்கே அண்ணி."

"தெரியும்."

அவன் இறங்கினான். கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு, "விளையாட்டுக்குச் சொல்றாருன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பஞ்சுவுக்கு அவன் மேல் இரக்கம்கூட வந்தது. ஆனாலும் அவள் ஏறிக்கொள் என்று சொல்லவில்லை.

"அந்த ரூம்ல வேற ஏதாச்சும் வச்சுக்கோங்க" என்றாள். "நான் வரல."

எட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு, வண்டியைத் திருப்பினாள். ஊருக்கு வெளியே புதுச் சலவைக் கட்டடத்துக்குப் போகிற வழி எது, எத்தனை நிமிஷம் ஆகிறது என்று இன்றைக்கே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். நாளைக்கு ஆறு மணிக்கு முதல் ஆளாக நிற்க வேண்டும்.